கேமராவுக்குத் தோட்டா தெரியாது

பெங்களூரின் சிவாஜிநகர் போன்ற நெரிசலான பகுதிகளில் துப்பாக்கிக் குற்றத்தை அடக்க, உள்ளூர்ப் போலீசுக்கு நிதியை அள்ளிக் கொடுத்துக் கேமராக்களைப் பெருக்க வேண்டும் என்கிறது ஒரு வாதம்.

நிதி வேண்டும்தான். கேமராவுக்கா?

அந்த வைத்தியம் பெங்களூரில் ஏற்கெனவே நடந்தாயிற்று. பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியிலிருந்து, மத்திய அரசு 60, மாநில அரசு 40 சதவீதம் என்ற பங்கில் சுமார் 667 கோடி ரூபாய்த் திட்டம். 7,000க்கும் மேற்பட்ட கேமராக்கள். பெண்களின் பாதுகாப்புக்கு அவை உதவலாம். கள்ளத்துப்பாக்கி கதை வேறு.

2017 செப்டம்பர் 5 அன்று பெங்களூரின் ராஜராஜேஸ்வரி நகரில் பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டபோது அங்கே கேமரா இருந்தது. பதிந்தது ஹெல்மெட் போட்ட ஓர் உருவம். 2015இல் தார்வாடில் கன்னட அறிஞர் கல்புர்கியைக் கொன்றதும் அதே நாட்டுத் துப்பாக்கிதான் என்பதைத் தோட்டாக்களை ஒப்பிட்டுச் சொன்னது தடய அறிவியல் ஆய்வகம். சதி வலையை அவிழ்த்தது சிறப்புப் புலனாய்வுக் குழு.

துப்பாக்கி மட்டுமே சிக்கலும் அல்ல. 2016 அக்டோபரில் சிவாஜிநகரையே உலுக்கிய ஆர்.எஸ்.எஸ். தொண்டர் ஒருவரின் கொலையில் ஆயுதம் அரிவாள். துப்பாக்கிக்கு மட்டும் ஒதுக்கும் பணம் அத்தகைய குற்றத்தைத் தொடவே தொடாது.

வேறு வழியும் உண்டு. 1990களில் அமெரிக்காவின் பாஸ்டன் போலீஸ், துப்பாக்கி எங்கிருந்து வருகிறது என்று தேடியது. கும்பல்களை நேரில் அழைத்து எச்சரித்தது. இங்கும் நிதி முதலில் ஆய்வகத்துக்கும், ஆயுதத் தரகர்களைத் துரத்தும் ஆட்களுக்கும், தெருவை அறிந்த ரோந்துக் காவலர்களுக்கும் போகட்டும். மிச்சமிருந்தால் கேமரா வாங்கலாம்.