கதவடைக்கும் அதிகாரம்

2023-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி, நள்ளிரவை நெருங்கும் வேளையில், எண்ணூர் பெரியகுப்பத்து ஜனங்கள் மூச்சுத் திணறிக் குழந்தைகளோடு வீதிக்கு ஓடிவந்தார்கள். கப்பலிலிருந்து கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு! பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். மறுநாளே மாசுக் கட்டுப்பாடு வாரியம் வேலையை நிறுத்தும்படி உத்தரவிட்டது.

உத்தரவு நியாயமே. ஆனால் அந்த அதிகாரம் அதற்கு முந்திய நாள்வரை எங்கே உறங்கிற்று என்று கேட்கிறோம். 1984-ல் நேர்ந்த போபால் கோரத்துக்குப் பின், 1987-ல் திருத்தப்பெற்ற காற்று மாசுச் சட்டத்தின் 31-ஏ பிரிவு, ஆலையை மூடவும், மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தவும் வாரியத்துக்கு இடந்தருகிறது. வக்கீல் கண்ணால் மறுபடி மறுபடி படித்தும், விபத்து நேர்ந்த பிறகே என்று ஓர் எழுத்தும் அதில் கண்டிலோம்.

தொழிலாளியின் கூலி போய்விடுமே என்பர். நமக்கும் அக்கவலை உண்டு. மூடிய நாட்களின் சம்பளத்தை முதலாளியே கொடுக்கட்டும். குழாய்ச் சோதனையின் முடிவைத் தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு முறையும் குப்பத்துப் பஞ்சாயத்தார் கையில் சர்க்கார் சேர்ப்பிக்க வேண்டும். சோதனையில் தேறாத குழாய்க்கு அன்றே அனுமதியை ரத்துச் செய்க.