வான் கட்டுப்பாடு: திரையை மாற்றினால் மட்டும் போதுமா?

பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 ஆகஸ்டு முதல் சுபாங்கில் மீண்டும் ஜெட் பயணிகள் விமானங்கள் இறங்குகின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கின் வானை இப்போது செப்பாங், சுபாங் ஆகிய இரு நிலையங்களின் ஜெட் விமானங்களும் பகிர்ந்துகொள்கின்றன. சுபாங்கில் இயங்கிய கோலாலம்பூர் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையமும் செப்பாங்கில் புதிய கருவிகளோடு அமைந்துவிட்டது.

கருவி புதிதானால் பாதுகாப்பு உறுதியாகிவிடுமா? எம்எச்370 வேறு பாடம் சொல்கிறது.

2014 மார்ச் 8, அதிகாலை 1.19க்கு அந்த விமானம் வியட்நாம் கட்டுப்பாட்டுக்கு மாற்றிவிடப்பட்டது. இரண்டே நிமிடத்தில் ரேடார் திரையிலிருந்து அதன் அடையாளம் மறைந்தது. விமானம் தொடர்புகொள்ளவில்லை என்று ஹோ சி மின் மையம் கேட்டது 1.39க்குத்தான். பின்னர், விமானம் கம்போடிய வான்வெளியில் இருப்பதாக விமான நிறுவனத்திடமிருந்து தகவல் வந்தது. அது கணினி கணித்துக் காட்டிய இடம். விமானம் உண்மையில் இருந்த இடம் அல்ல. இது தெளிவானபோது மணி 3.30. தேடல் மீட்பு மையம் முடுக்கிவிடப்பட்டது 5.30க்கு. விமானத்தில் இருந்தவர்கள் 239 பேர்.

அந்த இரவில் திரை இருந்தது, தொலைபேசியும் இருந்தது. திரை காட்டியதைச் சந்தேகித்து, உடனே அபாய அறிவிப்பு விடுக்கும் நடைமுறைதான் தவறியது. 2018 ஜூலையில் வெளியான விசாரணை அறிக்கை கட்டுப்பாட்டு மையத்தின் குறைபாடுகளைச் சுட்டிக்காட்டியது. மறுநாளே மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையத்தின் தலைவர் பதவி விலகினார்.

2019 நவம்பரில் அமெரிக்கா மலேசியாவின் விமானப் பாதுகாப்புத் தரத்தை இரண்டாம் நிலைக்கு இறக்கியபோதும் பேசப்பட்டது ஆள்பலம்தான். தொழில்நுட்ப நிபுணத்துவம், பயிற்சி பெற்ற பணியாளர், பதிவேடு, சோதனை நடைமுறை ஆகியவற்றில் குறை இருக்கலாம் என்றது அந்நாடு. முதல் நிலையை மீண்டும் பெற 2022 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கருவியை மட்டும் நம்பினால் என்னவாகும் என்பதை 2023 புத்தாண்டு நாளில் மணிலா கண்டது. மின்தடையால் கட்டுப்பாட்டு முறை முடங்கி, நூற்றுக்கணக்கான விமானச் சேவைகள் பாதிக்கப்பட்டன.

ஆகவே, நவீனமயத்துக்கான ஒதுக்கீட்டில் கருவிக்கு எவ்வளவு, மாற்று ஏற்பாட்டுக்கு எவ்வளவு, கட்டுப்பாட்டாளரின் பயிற்சிக்கும் ஓய்வுக்கும் எவ்வளவு என்று மக்கள் பிரதிநிதிகள் கேட்க வேண்டும்.

செப்பாங் விமான நிலையம் எழுந்த நிலம் ஒரு காலத்தில் செம்பனைத் தோட்டம். தோட்டங்களில் உழைத்த சமூகத்தின் பிள்ளைகளுக்கு வான் கட்டுப்பாட்டாளர் என்ற தொழில் இருப்பதே பெரிதாக அறிமுகமாகவில்லை. கணிதமும் ஆங்கிலமும் நன்றாக வரும் மாணவர்களுக்கு ஆசிரியர்களும் பெற்றோரும் இந்த வழியையும் காட்டலாம். எத்தனை புதிய திரைகள் வந்தாலும், அவற்றின் முன் அமர விழிப்புள்ள மனிதர்கள் வேண்டும்.