முதுமைக்கும் முகவரி உண்டோ?

அறுபது கடந்த முதியோர் மாநகரப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்ல, மாதம் பத்து டோக்கன்கள் வழங்கும் திட்டம் 2016-இல் சென்னையில் தொடங்கிற்று. நற்செயலே, மறுப்பாரில்லை. ஆயின், அதைப் பெற வயதுச் சான்று மட்டும் போதாதாம்; சென்னைவாசி என்னும் சான்றும் வேண்டுமாம்! மதுரையிலும் நெல்லையிலும் மனிதருக்கு மூப்பு வருவதில்லையா?

2021 முதல் தமிழகமெங்கும் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கின்றனர். அவர்களிடம் எவரும் ஊரைக் கேட்பதில்லை. அந்த நியாயம் தள்ளாத வயதுக் கிழவருக்கு மட்டும் ஏன் இல்லை?

செலவு மிகும் என்பர் சிலர். மாதம் பத்துப் பயணம் என்ற வரம்பே அதற்கு அணையன்றோ? அதுவும் போதாதெனில், வருமான வரி செலுத்தும் வசதி படைத்தோரை விலக்குங்கள். ஊரைக் காட்டி ஏழையை விலக்காதீர்கள். தளர்ந்த காலுக்குத் துணை நிற்பது சலுகையன்று, கடமை.