பூட்டிய கதவும் புகைப்படப் பயிற்சியும்



கடந்த விடுமுறையில் என் முன்னாள் மாணவி ஒருத்தி என்னைக் காண வந்திருந்தாள். நான்காம் ஆண்டில் என்னிடம் பயின்றவள். பல்கலைக்கழகத்தில் முதலாண்டை முடித்துவிட்டாள். உள்ளம் பூரித்தது. பேச்சினூடே, "உன் விடுதியில் தீப்பிடித்தால் எவ்வழியே வெளியேறுவாய் அம்மா?" என்று கேட்டேன். "முன்வாசல் வழிதான் டீச்சர். பின்படிக்கட்டுக் கதவை எப்போதும் பூட்டியே வைத்திருப்பார்கள்" என்றாள். சாவி யாரிடம் இருக்கிறது? அவளுக்குத் தெரியவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 2002-ஆம் ஆண்டு, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் பெண்கள் விடுதியில் நான் தங்கியிருந்த காலம் நினைவுக்கு வந்தது. ஒருநாள் நள்ளிரவு கடந்து அபாய மணி ஒலித்தது. யாரும் எழவில்லை. யாரோ விளையாடுகிறார்கள் என்று எண்ணி, நானும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். புகை நெடி வந்த பிறகுதான் எழுந்தோம். கீழ்த்தளத்தில் அணைக்காமல் விட்ட இஸ்திரிப் பெட்டி துணியைக் கருக்கிக்கொண்டிருந்தது. பின்வாசலுக்கு ஓடினோம், சங்கிலியிட்டுப் பூட்டியிருந்தது. சாவியோ வேறொரு கட்டடத்தில் உறங்கிக்கொண்டிருந்த காப்பாளரிடம். திரும்பி ஓடி முன்வாசல் வழியே தப்பினோம். யாருக்கும் தீங்கில்லை. ஆனால், தீ முன்வாசலருகே பற்றியிருந்தால்?

அடுத்த வாரம் தீயணைப்புப் பயிற்சி நடந்தது. நாளும் நேரமும் முன்னரே அறிவிக்கப்பட்டன. காலணி அணிந்து, தலைவாரி, வரிசையாக நடந்து, திடலில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அறிக்கை அனுப்பப்பட்டது. சங்கிலி மட்டும் அப்படியே தொங்கியது.

பூட்டிய கதவின் விலையை இந்நாடு அறியாததன்று. 1989 செப்டம்பர் 22-இல் கெடா, யான் மாவட்டத்துச் சமயப் பள்ளி விடுதியில் மூண்ட தீயில் 27 மாணவியர் மாண்டனர். 2017 செப்டம்பர் 14-ஆம் நாள் விடியற்காலையில் கோலாலம்பூர், டத்தோ கெராமாட்டிலிருந்த சமயப் பள்ளி விடுதியில் 23 உயிர்கள் கருகின. தீ வைக்கப்பட்டது எனப் பின்னர் தெரியவந்தது. ஆயினும், வாசலைத் தீ அடைத்துக்கொண்டபோது அப்பிள்ளைகளை உள்ளேயே நிறுத்தியவை சன்னல்களின் இரும்புக் கம்பிகளே. 28 ஆண்டு இடைவெளியில் நாம் கற்றது என்ன?

பல்கலைக்கழகங்களும் இதற்கு விலக்கல்ல. மாஸ்கோவின் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழக விடுதியில் 2003 நவம்பர் 24-இல் பற்றிய தீ, 40-க்கும் மேற்பட்ட மாணவர்களைப் பலிகொண்டது. பலர் சன்னல் வழியே குதித்தனர். அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்தின் சீட்டன் ஹால் பல்கலைக்கழக விடுதியில் 2000 சனவரி 19-இல் 3 மாணவர்கள் மாண்டனர். அங்கே அபாய மணி ஒலிக்கத்தான் செய்தது. முந்தைய மாதங்களில் அது பலமுறை பொய்யாக ஒலித்திருந்ததால், அன்றும் பொய்யென்றெண்ணிப் பலர் படுக்கையை விட்டு எழவில்லை. 2002-இல் நான் செய்ததும் அதுவே. ஆனால், அம்மாநிலம் 2000-ஆம் ஆண்டிலேயே மாணவர் விடுதிகளுக்குத் தானியங்கி நீர்த்தெளிப்பான்களைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது. நாமோ படம் எடுத்து மாட்டினோம்.

"கதவைப் பூட்டாவிட்டால் திருடன் நுழைவான், பெண்பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவே பூட்டுகிறோம்" என்பார்கள். இது சோம்பேறித்தனமான வாதம். வெளியிலிருந்து திறக்க முடியாமலும், உள்ளிருந்து தள்ளியதும் திறந்துகொள்ளுமாறும் அமைந்த தள்ளுதண்டுக் கதவுகளைப் பேரங்காடிகளில் எவரும் காணலாம். திறந்தவுடன் மணி ஒலிக்கவும் செய்யலாம். கடைக்காரருக்குக் கிடைக்கும் இந்த எளிய கருவி, கல்வி நிலையத்துக்கு எட்டாக்கனியா? பட்டமளிப்பு விழாப் பதாகைக்குப் பணம் இருக்கும்போது, பின்கதவுக்கு இல்லாமற்போவது எப்படி?

அடுத்து, தடை. அறைக்குள் கேத்தல் கூடாது, மின்சோற்றுப்பானை கூடாது என்கிறார்கள். பசித்த மாணவர் அதைக் கட்டிலடியில் மறைத்து, ஒரே மின்நீட்டிப்பில் நான்கைச் செருகுகிறார். ஆபத்து ஒழியவில்லை, ஒளிந்துகொண்டது. தளத்துக்கொரு பாதுகாப்பான சிற்றடுக்களையை அமைத்துவிட்டுத் தடை விதித்தால், அதில் நேர்மை இருக்கும்.

பயிற்சி பயிற்சியாக இருக்கட்டும். ஆண்டுக்கொரு முறையேனும் முன்னறிவிப்பின்றி இரவில் நடக்கட்டும். எத்தனை நிமிடத்தில் கட்டடம் காலியாயிற்று என அளந்து, மாணவர் காணும்படி ஒட்டட்டும். திறக்காத கதவு எதுவென்றும் அதில் எழுதட்டும்.

மாணவரும் கற்றாக வேண்டும். தீயைவிடப் புகையே பெரும்பாலும் உயிரைப் பறிக்கிறது. ஆகவே, புகை சூழ்ந்தால் தரையோடு தாழ்ந்து நகர வேண்டும். மூடிய கதவைத் திறக்குமுன் புறங்கையால் சூடு பார்க்க வேண்டும், சுட்டால் திறக்கலாகாது. வெளியேறும்போது கதவைச் சாத்திச் செல்ல வேண்டும். மின்தூக்கியைத் தொடவே கூடாது. பாதுகாப்பான இடம் சேர்ந்ததும் 999-ஐ அழைக்க வேண்டும்.

இவற்றைப் பதினெட்டு வயதில் தொடங்குவது காலந்தாழ்ந்த செயல். இங்கே என் இனத்தாரையும், அதாவது தொடக்கப்பள்ளி ஆசிரியர்களையும், நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறேன். பயிற்சி நாளை முன்னரே சொல்லி, சட்டையைச் சரிசெய்யச் சொல்லி, மணியைப் பொருட்படுத்தாத பழக்கத்தை விதைப்பவர்கள் நாமே. நான்காம் ஆண்டில் அந்த மாணவிக்கு வாக்கியம் அமைக்கக் கற்றுக்கொடுத்தேன். இரண்டாவது வாசலைத் தேடக் கற்றுக்கொடுக்கவில்லை.

புறப்படும்போது அவளிடம் ஒன்றே சொன்னேன்: "விடுதிக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அந்தக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லி எழுத்து மூலம் கேள். தோழியர் எல்லாரும் கையொப்பமிடட்டும்." கடிதத்தை என் மேசையிலேயே எழுதினாள். ஓர் ஒற்றுப்பிழை இருந்தது, திருத்தினேன்.

பிள்ளைகளை விடுதிக்கு அனுப்பும் பெற்றோரே, அறை வசதியைப் பார்த்து மகிழுமுன் பின்படிக்கட்டு வரை நடந்து பாருங்கள். கதவைத் தள்ளுங்கள். திறக்காவிட்டால், காரணம் கேளாமல் வீடு திரும்பாதீர்கள்.