தண்ணீர் மணி மட்டும் போதுமா?

என் மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். காலையில் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்து அனுப்புகிறோம். மாலையில் அது ஏறக்குறைய நிரம்பியபடியே வீடு திரும்புகிறது. "ஏனம்மா குடிக்கவில்லை?" என்று ஒருநாள் கேட்டேன். "குடித்தால் போக வேண்டியிருக்கும் அப்பா" என்றாள். பள்ளிக் கழிப்பறையில் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பல நாட்கள் தண்ணீரும் இல்லை. வகுப்பின் நடுவே எழுந்து அனுமதி கேட்டாலோ மற்றவர்கள் சிரிக்கிறார்கள். ஆகவே தண்ணீரே குடிக்காமல் இருப்பது என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

அன்றிரவு அவள் படித்துக் கொண்டிருந்த பாடம் என்ன தெரியுமா? மனிதனின் கழிவு நீக்க மண்டலம்! சிறுநீரகத்தின் படத்தை அழகாக வரைந்து பாகங்களைக் குறித்துக் கொண்டிருந்தாள். படத்துக்கு மதிப்பெண் உண்டு. ஆனால் அந்தப் பாடத்தை நடத்தும் வகுப்பறையிலேயே சிறுநீரகத்துக்கு உரிய மதிப்பு இல்லையே என்று எண்ணி வருந்தினேன்.

நான் இயற்பியல் ஆசிரியன். எனக்கு இந்தப் பாடத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சிறுநீரகம் செய்யும் வேலையில் பெரும்பகுதி அழுத்தமும் சவ்வூடு பரவலுமே ஆகும். சற்று உள்ளே சென்று பார்ப்போமா?

வளர்ந்த ஒருவரின் இரு சிறுநீரகங்களும் சேர்ந்து சுமார் 300 கிராம் எடைதான். ஆனால் இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் 5 லிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவற்றுக்கே செல்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒவ்வொரு நெஃப்ரானின் தொடக்கத்திலும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஒரு முடிச்சைப்போல் சுருண்டு கிடக்கின்றன. இந்த முடிச்சுக்குள் இரத்தத்தைக் கொண்டுவரும் குழாயைவிட வெளியேற்றும் குழாய் குறுகலானது. தோட்டத்து ரப்பர் குழாயின் முனையை விரலால் பாதி அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடுகிறதல்லவா? அதேபோல் இங்கும் அழுத்தம் கூடி, நீர், உப்பு, குளுக்கோஸ், யூரியா ஆகியவை வெளியே தள்ளப்படுகின்றன. இரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் உள்ளேயே தங்கிவிடுகின்றன.

இவ்வாறு ஒரு நாளில் வடிகட்டப்படும் நீர்மம் சுமார் 180 லிட்டர்! பதினைந்து லிட்டர் கொள்ளும் குடத்தால் பன்னிரண்டு குடம். ஆனால் நாம் கழிக்கும் சிறுநீரோ ஒன்றரை லிட்டர் அளவே. மீதியெல்லாம் எங்கே போயிற்று? போகியன்று வீட்டைச் சுத்தம் செய்வதை நினைத்துப் பாருங்கள். எல்லாப் பொருள்களையும் திண்ணைக்குக் கொண்டுவந்து, வேண்டியவற்றை மட்டும் திரும்ப உள்ளே எடுத்து வைக்கிறோம், வேண்டாதவற்றைக் கழித்துவிடுகிறோம். சிறுநீரகமும் அப்படித்தான் செய்கிறது. குளுக்கோஸ் ஏறத்தாழ முழுவதையும், நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கையும் நெஃப்ரானின் நீண்ட குழல்கள் மீட்டு இரத்தத்தில் சேர்க்கின்றன. ஆகவே சிறுநீரகத்தை வெறும் வடிகட்டி என்று சொல்வது பாதி உண்மைதான்.

நீங்கள் தண்ணீர் குடிக்காத நாளில் என்ன நடக்கிறது? மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஒரு ஹார்மோனை மிகுதியாக வெளியிடுகிறது. அதன் கட்டளைப்படி, சிறுநீரைச் சேகரிக்கும் குழல்களின் சுவர்கள் நீரை எளிதில் கடக்க விடுகின்றன. சுற்றிலும் உள்ள திசுவில் உப்பின் செறிவு மிகுதி. எனவே சவ்வூடு பரவல் விதிப்படி நீர் அங்கே இழுக்கப்பட்டு உடலுக்குத் திரும்புகிறது. சிறுநீரின் செறிவு இரத்தத்தைப்போல் நான்கு மடங்குவரை உயர்கிறது. நிறம் அடர்மஞ்சள் ஆகிறது.

இந்தச் சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. யூரியாவும் உப்புகளும் கரைந்து வெளியேற நாளொன்றுக்கு அரை லிட்டர் அளவு நீராவது வேண்டும். செறிவு மிகுந்த பாகில் கற்கண்டு படிவதுபோல, செறிவு மிகுந்த சிறுநீரில் படிகங்கள் தோன்றலாம். அவை வளர்ந்தால் சிறுநீரகக் கல். மேலும், சிறுநீர் தேங்காமல் அடிக்கடி வெளியேறும்போதுதான் பாதையில் புகுந்த பாக்டீரியாக்கள் அடித்துச் செல்லப்படுகின்றன. பெண்களுக்கு அந்தப் பாதை குட்டையானது. எனவே, அடக்கி வைக்கும் வழக்கத்தால் தொற்று வரும் வாய்ப்பு அவர்களுக்கே அதிகம். ஒருநாள் அடக்கியதால் சிறுநீரகம் கெட்டுவிடாது; பயப்பட வேண்டாம். ஆண்டுக் கணக்கில் அதையே பழக்கமாக்குவதுதான் தவறு.

2019-ஆம் ஆண்டு கேரளப் பள்ளிகளில் தண்ணீர் குடிப்பதற்கென்றே தனியாக மணி அடிக்கத் தொடங்கினார்கள். 2025-இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் தண்ணீர் மணி வந்தது. வரவேற்க வேண்டிய செயல்தான். ஆனால் குடித்த நீரில் வியர்வையாகவும் மூச்சுக் காற்றிலும் போனது போக மீதி, சிறுநீராக வெளியே வந்தே ஆக வேண்டும். தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை இல்லாத பள்ளியில் தண்ணீர் மணி பாதி வேலையைத்தான் செய்கிறது என்பது என் கருத்து.

"அனுமதித்தால் வெளியே சுற்றித் திரிவார்களே" என்று ஆசிரியர்கள் சொல்வதுண்டு. நானும் ஆசிரியன்தான், அப்படிச் சிலர் இருப்பதை அறிவேன். ஆனால் சிறுநீர்ப்பை நிரம்பும்போது அதன் சுவர் விரிவதை நரம்புகள் உணர்ந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. அந்தச் செய்தி பாடவேளை அட்டவணையைப் பார்த்து வருவதில்லை. பொய் சொல்லும் இருவருக்காக மெய்யாகவே தவிக்கும் ஒருவரை "உட்கார், மணி அடிக்கட்டும்" என்று சொல்வது முறையாகாது.

உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. வகுப்பில் யாராவது அனுமதி கேட்டால் சிரிக்காதீர்கள். கழிப்பறையை அடுத்தவருக்கு ஏற்றதாக விட்டு வாருங்கள். தாழ்ப்பாள் உடைந்திருந்தால் நாலைந்து பேராகச் சேர்ந்து தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். உங்கள் சிறுநீரின் நிறத்தையும் கவனியுங்கள். வெளிர் வைக்கோல் நிறமாக இருந்தால் போதிய நீர் குடிக்கிறீர்கள் எனலாம்.

என் மகளின் பள்ளிக்கு நானும் வேறு சில பெற்றோர்களும் சென்று பேசினோம். இரண்டு கதவுகளுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள். சென்ற வாரம் பாட்டில் பாதி காலியாகி வீடு வந்தது. மறுபாதியும் காலியாக வேண்டும். அதற்கு அந்தக் குழாயில் தண்ணீர் வர வேண்டும். மீண்டும் போய்க் கேட்கப் போகிறோம்.