உள்ளே இடம் செய்தல்



மூக்குப்பொடி வைத்துக்கொள்ள நம் முதியவர்களுக்கு ஒரு மட்டையோ தகர டப்பியோ போதுமானதாயிருந்தது. சீன தேசத்தாரோ அதற்கெனக் கடினமான கல்லைக் குடைந்து, உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு குப்பிகளைச் செய்தனர். சிங் அரச மரபினர் 1644 முதல் 1912 வரை ஆண்ட காலத்தில் மலர்ந்த கலை இது.

இதன் வரலாற்றில் நம் மறைபரப்பாளர்களுக்கும் ஓர் இடம் உண்டு. 1684-ஆம் ஆண்டு காங்சி மாமன்னர் நான்ஜிங் நகருக்கு வந்தபோது, சேசு சபைக் குருக்கள் சிலபல காணிக்கைகளை அவர்முன் வைத்தனர். மன்னர் மற்றவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூக்குப்பொடியை மட்டும் ஏற்றுக்கொண்டார். தலைவலிக்கும் சளிக்கும் அது மருந்து என அக்காலத்தில் நம்பினர். புகையிலையின் கேட்டை நாம் இன்று நன்கறிவோம். பொடியைப் போற்றுவது நம் கருத்தன்று. அதை வைத்த குப்பியே நமக்குப் பாடம் சொல்கிறது.

ஈரக் காற்றுப் பட்டால் பொடி கட்டிப்போகும். ஆகவே குப்பிக்கு இறுக்கமான மூடி வேண்டும். வாயும் சிறியதாயிருக்க வேண்டும். மூடியின் அடியில், பெரும்பாலும் தந்தத்தினாலான, ஒரு நுண்ணிய கரண்டி தொங்கும். ஜேடு, அகேட், படிகம் முதலிய கற்களில் இக்குப்பிகளைச் செய்தார்கள். சாதாரண இரும்புக் கத்தி ஜேடு கல்லைச் செதுக்காது. கல்லினும் கடினமான மணற்பொடியை நீரில் குழைத்து, சுழலும் கருவியால் தேய்த்துத் தேய்த்தே அதற்கு வடிவம் கொடுக்க வேண்டும். அகேட் கல்லில் இயற்கையாய் அமைந்த கறையைக்கூட வீணாக்காமல், அதையே பறவையாகவோ மீனாகவோ ஆக்கிய கலைஞர்கள் உண்டு.

ஆயினும் மிகக் கடினமான வேலை வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது. பட்டாணி நுழையுமளவான வாய் வழியே முதலில் நேராகத் துளையிடுவர். பின்னர் வளைந்த கருவிகளை உள்ளே செலுத்தி, தோள்பகுதி வரை சிறிது சிறிதாகத் தேய்த்து அகற்றுவர். கைவினைஞனின் கண் அங்கே எட்டாது. கையின் உணர்வே வழிகாட்டி. ஓரிடத்தில் சற்று மிகுதியாகத் தேய்த்துவிட்டால் சுவர் துளைபட்டு, அதுவரை பட்ட பாடெல்லாம் பாழாகும்.

எனவே பொறுமையற்றவர்கள் நடுவில் ஒரு துளை மட்டும் இட்டு நிறுத்திவிடுவதும் உண்டு. கண்ணாடிப் பேழையில் வைத்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். விவரம் அறிந்தவர்களோ குப்பியைக் கையில் எடுத்து எடை பார்ப்பார்கள். வெளிச்சத்தில் பிடித்துச் சுவரின் கனத்தைப் பார்ப்பார்கள். நன்றாகக் குடைந்த சில குப்பிகள் நீரில் மிதக்கும் அளவுக்கு மெல்லியவை. குடையாத குப்பியோ எத்துணைப் பூவேலை தாங்கினாலும் கனத்துக் கிடக்கும். கைப்பிடிப் பொடிக்கும் அதில் இடமிராது.

நம் இல்லங்கள் எத்தகையவை? திருவிழாவன்று புத்தாடை, திருமணத்தன்று பெரும் விருந்து, சுவரில் அழகிய திருவுருவப் படம் ஆகிய அனைத்தும் வெளி வேலைப்பாடுகள். அவை வேண்டாமென்பதில்லை. ஆனால் முதிர்ந்த மாமியார் ஒரே கதையைப் பத்தாம் முறை சொல்லும்போது கேட்பதற்கு அங்கே இடம் உண்டா? தேர்வில் தவறிய மகன் அஞ்சாமல் வந்து தந்தையிடம் அழுவதற்கு இடம் உண்டா? வாசலில் நிற்கும் ஏழை உறவினருக்கு?

இடம் தானாக உண்டாவதில்லை. ‘என் சொல்லே நடக்க வேண்டும்’ என்னும் பிடிவாதத்தை, பழைய மனக்கசப்பை, அவசரக் கோபத்தை நாள்தோறும் துகள் துகளாகத் தேய்த்து அகற்றினால்தான் உண்டாகும். இவ்வேலையை அயலார் காணமாட்டார், பாராட்டும் கிடைக்காது. அக்குப்பிகளுள் பெரும்பாலானவற்றைச் செய்தவர்களின் பெயரும் நமக்குத் தெரியாது. மறைவில் நடப்பதை இறைவன் அறிவார், அது போதும்.

இன்றிரவு குடும்ப செபம் முடிந்ததும், நம்முள் இன்னும் தேயாத பகுதி எது என்று ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுப்பார்ப்போம்.