எழுத்தை மாற்றினால் நேர்மாறு ஆகிவிடாது

"எக்ஸ் இருக்கும் இடத்தில் ஒய், ஒய் இருக்கும் இடத்தில் எக்ஸ். மாற்றித் தீர்த்தால் முடிந்தது." நேர்மாறுச் சார்பு என்றால் இவ்வளவுதான் என்ற எண்ணம் பள்ளியிலும் டியூஷனிலும் வேரூன்றிவிட்டது. மதிப்பெண் வருகிறதே என்று பெற்றோரும் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. இது எழுத்துகளை இடம் மாற்றும் பழக்கம், கணிதம் அல்ல.

புதுக்கோட்டையின் கவிநாடு கண்மாயை எடுத்துக்கொள்வோம். நீர்மட்டம் தெரிந்தால் கொள்ளளவு தெரியும். "இவ்வளவு தண்ணீர் இருந்தால் மட்டம் எத்தனை அடி?" என்பது அதன் நேர்மாறு. மட்டம் ஏற ஏறக் கொள்ளளவும் ஏறுவதால் விடை ஒன்றுதான். கொள்ளளவு அட்டவணையை வலமிருந்து இடமாகப் படித்தால் போதும். இடம் மாற்ற அங்கே எக்ஸும் இல்லை, ஒய்யும் இல்லை.

அதே கண்மாயில் தேதியைச் சொன்னால் அன்றைய மட்டத்தைச் சொல்லலாம். மட்டத்தைச் சொல்லித் தேதியைக் கேட்டால்? ஐப்பசி மழையில் நிரம்பும்போதும் ஐந்தடியைத் தாண்டும். பாசனத்துக்குத் திறந்துவிட்டு வற்றும்போதும் ஐந்தடியைத் தாண்டும். எந்தத் தேதியைச் சொல்வது? இங்கே நேர்மாறே கிடையாது. சார்பு ஒன்றுக்கொன்றானதா, அதாவது ஒரு விடை ஒரே ஓர் உள்ளீட்டிலிருந்துதான் வருமா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. இடமாற்ற வித்தை மட்டும் கற்ற பிள்ளைக்கு அதைக் கேட்கவே தோன்றாது.

நேர்மாறு இருக்கும்போதும் அவிழ்க்கும் வரிசை புரிய வேண்டும். சித்திரையில் "வெயில் சதமடித்தது" என்று நாளிதழ்கள் எழுதுவது ஃபாரன்ஹீட்டில். செல்சியஸை 9/5 ஆல் பெருக்கி 32 கூட்டினால் ஃபாரன்ஹீட். திரும்பி வரும்போது கடைசியாகச் செய்ததை முதலில் அவிழ்க்க வேண்டும்: 100இல் 32 போக 68, அதை 5/9 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 37.8. வரிசை புரியாமல் முதலில் பெருக்கிப் பிறகு கழித்தால் 23.6 வரும். அக்கினி நட்சத்திரத்தில் வெளியே நிற்கும் எவரும் அந்த விடையை ஏற்கமாட்டார்கள்.

ஒரு மதிப்புக்கு மட்டும் நேர்மாறு வேண்டுமென்றால் சூத்திரமே தேவையில்லை. ஓர் எண்ணின் கனத்தோடு அந்த எண்ணையே கூட்டினால் 10 வருகிறது, எண் எது? 2. சூத்திரம் தேடிப் போனால் முப்படிச் சமன்பாட்டில் மாட்டிக்கொள்வோம்.

"தேர்வுக்கு வழிமுறை போதும்" என்பவர்கள் பன்னிரண்டாம் வகுப்பைப் பார்க்கட்டும். 30 பாகைக்கும் 150 பாகைக்கும் சைன் மதிப்பு அரைதான். அதனால்தான் சைன் நேர்மாறின் விடைகளை −90 முதல் 90 பாகைக்குள் நிறுத்துகிறோம். காரணம் தெரியாத மாணவர் அந்த எல்லையையும் மனப்பாடம் செய்கிறார்.

ஆசிரியர்கள் "நேர்மாறு காண்க" என்பதற்கு முன் "நேர்மாறு உண்டா, ஏன்?" என்று கேட்கட்டும். வினாத்தாளும் அதற்கு மதிப்பெண் ஒதுக்கட்டும்.